மடூல்சீமையின் துருவும் படைத்தவரின் பொறுமையும்



உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பிள்ளைகள் நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்களாகவே இருந்தார்கள். இன்று பதுளை, பசறை, பண்டாரவளைப் பக்கங்களில் அந்தத் தொகை மெல்ல மெல்லக் கூடி வருகின்றது. ஆண்டவருக்குத் தோத்திரம். ஆனால் தொகை கூடக் கூட, பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும் குருவானவரிடம் வரும் ஒரு கேள்வியும் கூடி வருகின்றது. "சாமி, புத்தகத்துல மனுசன் கொரங்குலேருந்து வந்தான்னு இருக்காம். கோயில்ல ஆதாம் ஏவாள்னு சொல்றோம். புள்ள எத எழுதணும்?"

பாடநூலில் உள்ளதை எழுதட்டும். அது பாவமல்ல, பாவசங்கீர்த்தனத்துக்குக் கொண்டுவர வேண்டிய காரியமுமல்ல. ஒன்று மட்டும் திருத்திக்கொள்ள வேண்டும். லயத்துக் கூரையில் ஏறித் தகரத்தைத் தட்டும் குரங்கு நம் பாட்டனல்ல. அதுவும் நாமும் வெகு தொலைவான காலத்தில் வாழ்ந்த ஒரு பொது மூதாதையின் வழியில் வந்தவர்கள். ஒன்றுவிட்ட உறவு என்று வேண்டுமானால் சொல்லலாம். கூர்ப்பு என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

திருச்சபையின் நிலைப்பாட்டைப் பற்றி நம்மிடையே பெரிய தப்பபிப்பிராயம் இருக்கிறது. 1950ஆம் ஆண்டிலேயே பாப்பரசர் 12ஆம் பத்திநாதர், மனித உடலின் தோற்றத்தைக் கூர்ப்பின் வழியில் ஆராய்வதற்குத் தடையில்லை என்றார். ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்பதைக் கைவிடலாகாது என்றும், முதற்பெற்றோர் பலர் என்று சொல்லும் கருத்தில் எச்சரிக்கை வேண்டும் என்றும் கூறினார். 1996இல் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர், கூர்ப்பு இனி வெறும் ஊகம் என்ற நிலையைக் கடந்துவிட்டது என்று பாப்பரசரின் அறிவியல் கழகத்துக்கு எழுதினார். 2014 அக்டோபர் 27ஆம் திகதி அதே கழகத்தில் பேசிய பாப்பரசர் பிரான்சிஸ், கடவுளை மந்திரக்கோல் பிடித்த வித்தைக்காரராக எண்ணிவிடக் கூடாது என்று எச்சரித்தார். இந்தத் திகதியை மனத்தில் வைத்திருங்கள். பிறகு அதற்கு வருவோம். ஆதாம் ஏவாளையும் சென்மப் பாவத்தையும் பற்றி இறையியலார் இன்னும் ஆழமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். அதை ஒரு பத்தியில் தீர்த்துவிடலாம் என்று நினைக்கும் ஆள் நானல்ல. ஆனால் ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் யார் படைத்தார், எதற்காகப் படைத்தார் என்று சொல்ல வந்ததேயன்றி, எத்தனை மணிக்குப் படைத்தார் என்று கணக்கெழுத வந்ததல்ல. 1,600 ஆண்டுகளுக்கு முன்னரே அர்ச். அகுஸ்தீனார், இறைவன் தொடக்கத்தில் விதைகளைப்போல் வைத்தவை காலத்தில் முளைத்து விரிகின்றன என்று விளக்கியிருக்கிறார். அவர் டார்வினைப் படித்தவரல்லர்!

காலம் என்றதும் நமக்குத் தலை சுற்றுகிறது. பூமிக்கு வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். இந்தத் தொகையை வைத்துக்கொண்டு யாரால் செபிக்க முடியும்? ஆகவே நமக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைக்கு ரயில் பாதை சுமார் 290 கிலோமீற்றர். கோட்டையில் பூமி பிறந்தது, பதுளை மேடையில் இன்றைய நாள் என்று வையுங்கள். பொல்காவலையை எட்டுமுன்பே முதல் உயிர் தோன்றிவிட்டது. ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர். கண்டிச் சீமை முழுவதும், நானுஓயா, பட்டிப்பொல, ஹப்புத்தளை என்று ரயில் மூச்சுவாங்கி ஏறுகிறது. பெரும்பாலும் நுண்ணுயிர்களின் ஆட்சிதான். கண்ணால் காணத்தக்க விலங்குகள் தோன்றும்போது ரயில் தியத்தலாவைக்கும் பண்டாரவளைக்கும் நடுவில் வந்துவிட்டது. எல்ல, தெமோதரை வளையம், எல்லாம் கடந்து, ஹாலிஎலையும் போன பிறகுதான் டைனோசர்கள் மறைகின்றன. மனித இனத்துக்கு வயது சுமார் மூன்று இலட்சம் ஆண்டு. அது பதுளை மேடைக்கு முன்னால் உள்ள கடைசிப் பத்தொன்பது மீற்றர். நம் ஆண்டவர் பிறந்தது ஒரு சாண் தூரத்துக்கும் குறைவில். நம் பாட்டன் பூட்டன்மார் தலைமன்னாரிலிருந்து காட்டுவழி நடந்து இந்த மலைக்கு வந்து சேர்ந்தது, தண்டவாளத்தில் ஒரு விரற்கடையளவு.

இந்தக் கணக்கைப் பார்த்துச் சிலர் மனிதன் அற்பன் என்று முடிவு கட்டுகிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பிள்ளை பிறப்பதற்கு ஒரு தாய் பத்து மாதம் பொறுக்கிறாள். படைத்தவர் இவ்வளவு பொறுத்திருக்கிறார். அவசரப்படுவது நாம்தான். ஒரு நவநாள் முடிவதற்குள் வரம் கிடைக்காவிட்டால் அடுத்த கோவிலுக்குப் போகிறோம்.

இனி நம் சொந்த மண்ணுக்கு வருவோம். கூர்ப்பைப் பற்றிப் பேச டார்வின் போன கலாபகோசுத் தீவுகளுக்குப் போகத் தேவையில்லை. மடூல்சீமைக்குப் போனால் போதும்.

1869ஆம் ஆண்டு மடூல்சீமையில் ஒரு கோப்பித் தோட்டத்தில் சில செடிகளின் இலைகளுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத் தூள் காணப்பட்டது. யாரும் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தூள் ஒரு பங்கசுவின் வித்திகள். இங்கிலாந்தில் பங்கசு ஆராய்ச்சியில் பேர்பெற்ற பார்க்கிலி என்னும் அங்கிலிக்கன் குருவானவர், அதே ஆண்டில் அதற்கு எமிலியா வஸ்தாத்ரிக்ஸ் என்று பெயரிட்டார். குருமடத்தில் லத்தீனோடு மல்லுக்கட்டியவர்களுக்குத் தெரியும்: வஸ்தாத்ரிக்ஸ் என்றால் பாழாக்குகிறவள். பெயருக்கேற்றபடி அவள் நடந்துகொண்டாள். 1880இல் ஆராய வந்த மார்ஷல் வார்ட் என்னும் இளைஞர், வித்திகளைக் காற்று எவ்வாறு சுமந்து செல்கிறது என்பதைக் கண்டறிந்து காட்டியபோது காலம் கடந்துவிட்டது. இரண்டரை இலட்சம் ஏக்கருக்கு மேல் பரந்திருந்த கோப்பி, ஏறத்தாழ இருபது ஆண்டுக்குள் வீழ்ந்தது. துரைமார் பலர் கடனாளியாகிக் கப்பலேறினார்கள். கூலி பாக்கியோடு கைவிடப்பட்ட தொழிலாளரை எந்தக் கப்பலும் ஏற்றிக்கொண்டு போகவில்லை.

ஏன் இப்படி ஆயிற்று? எதியோப்பியாவின் காடுகளில் கோப்பி மற்ற மரங்களின் நிழலில், ஒன்றுக்கொன்று வேறுபட்ட செடிகளாக வளர்கிறது. அங்கே ஒரு செடியை நோய் பிடித்தால் அடுத்தது தாங்கி நிற்கும். இலங்கைக்கு வந்த கோப்பியோ சில செடிகளின் வம்சம். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே சாயல். காட்டை அழித்து, மலை மலையாக, தடுப்பு மரம்கூட இல்லாமல் அதையே நட்டார்கள். ஒன்று விழுந்தால் எல்லாம் விழும் என்ற ஏற்பாட்டை மனிதனே செய்துவைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வலியது வாழும் என்று நாம் சொல்லும் வாசகத்தை உண்டாக்கியவர் டார்வின் அல்லர், எர்பட் ஸ்பென்சர் என்பவர். டார்வின் அதைத் தமது நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்துக்கொண்டார். அந்தப் பதிப்பு வெளிவந்த ஆண்டும் 1869! அதைப் பிடித்துக்கொண்டு, வெள்ளைக்காரன் ஆளப் பிறந்தவன், கறுத்தவன் உழைக்கப் பிறந்தவன், ஏழை சாவது இயற்கையின் சட்டம் என்றெல்லாம் ஒரு கூட்டம் வேதாந்தம் பேசியது. அதே ஆண்டு மடூல்சீமையில் ஒரு தூள், யார் வலியவர் என்று காட்டிக்கொண்டிருந்தது. விஞ்ஞானம் சொல்வது வலிமையைப் பற்றியல்ல, பொருத்தத்தைப் பற்றி. இருக்கும் இடத்துக்கும் காலத்துக்கும் எது பொருந்துகிறதோ அதன் சந்ததி நிலைக்கிறது. அப்படி நிலைப்பதற்குச் சண்டை மட்டுமல்ல, துணையும் ஒரு வழி. மரவேரோடு சேர்ந்து வாழும் பங்கசு உண்டு, பூவுக்கு வண்டு உண்டு, கூட்டமாய்க் குட்டி வளர்க்கும் விலங்கு உண்டு.

நிற்க. கோப்பி விழுந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்கு ஆள் வேண்டியது பெரும்பாலும் பழம் பறிக்கும் பருவத்தில். பருவம் முடிந்தால் ஊர் திரும்பலாம். தேயிலைக்கோ வருடம் முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். ஆகவே ஆண்கள் மட்டும் வந்துபோன நிலை மாறி, பெண்டு பிள்ளைகளோடு குடும்பங்கள் லயங்களில் நிலைத்தன. நாம் ஊவா மக்களாக, மலையக மக்களாக ஆனதற்கு இலைக்கடியில் இருந்த ஒரு செம்மஞ்சள் தூளும் ஒரு காரணம். இது தேவ சித்தமா, தற்செயலா? இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று யார் சொன்னது? ஆபிரகாமின் மக்கள் எகிப்துக்குப் போனது ஒரு பஞ்சத்தால். பஞ்சத்தை அனுப்பியவர் கடவுள் என்று சொல்ல நான் துணியேன். பஞ்சத்தால் பெயர்ந்த மக்களை அவர் கைவிடவில்லை என்று மட்டும் துணிந்து சொல்வேன். நம் மக்களின் பிரசாவுரிமையை 1948இல் ஒரு சட்டம் பறித்தது. அது பங்கசுவின் வேலையல்ல, மனிதரின் வேலை. இயற்கையின் மேல் பழியைப் போட்டுத் தப்ப முடியாத பாவங்களும் உண்டு.

தேயிலையிலும் ஒரு பாடம் இருக்கிறது. பழைய விதைத் தேயிலை மலையில் கொழுந்தெடுத்த அம்மாமாருக்குத் தெரியும்: அடுத்தடுத்து நிற்கும் இரண்டு செடி ஒன்றுபோல் இராது. ஒன்று முந்தித் தளிர்க்கும், ஒன்று பிந்தும். ஒன்றின் இலை அகலம், மற்றதன் இலை ஒடுக்கம். 1950களுக்குப் பின் தலவாக்கலை ஆராய்ச்சி நிலையம் பரப்பிய வீ.பி. தேயிலை அப்படியல்ல. நல்ல தாய்ச்செடி ஒன்றிலிருந்து ஓர் இலையும் கணுவுமாக வெட்டித் தவறணையில் நட்டு எடுப்பதால், மலை முழுவதும் ஒரே செடியின் பிரதி. விளைச்சல் அதிகம், மறுக்கவில்லை. ஆனால் ஒரு புதிய நோய் வந்தால் தாங்கி நிற்கக்கூடிய செடி எந்த மூலையில் இருக்கிறது என்று தேட, விதைத் தேயிலையின் பன்மைதான் வேண்டும். பிள்ளை தகப்பனின் பிரதியாக இராமல் வேறாயிருப்பதன் விதியை முதலில் கணக்கிட்டுச் சொன்னவர், பிரண் நகர் மடத்தின் அகுஸ்தீனார் சபைத் துறவி மெண்டல். மடத்துத் தோட்டத்தில் பயற்றஞ்செடி வளர்த்து 1866இல் அவர் வெளியிட்ட கட்டுரையை அவர் வாழ்நாளில் உலகம் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கூர்ப்புக் கொள்கைக்கு இன்று முதுகெலும்பாக இருப்பது ஒரு சந்நியாசியின் பயற்றங்கொடி என்பதை உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பன்மையைச் சொன்ன கையோடு ஒருமையையும் சொல்ல வேண்டும். கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பண்டாரவளைக் குன்றுகளில், படிகக் கல்லில் செதுக்கிய சின்னஞ்சிறு கருவிகளை ஆய்வாளர்கள் ஏராளமாகப் பொறுக்கி எடுத்தார்கள். களுத்துறைப் பக்கத்துப் பாஹியன் குகையில் சுமார் 48,000 ஆண்டுகளுக்கு முன்னரே நம்மைப்போன்ற மனிதர் வாழ்ந்த தடயம் கிடைத்திருக்கிறது. அவர்களும், சிங்களவரும், தமிழரும், வெள்ளைக்காரரும் ஆபிரிக்காவில் தோன்றிய ஒரே குடும்பத்தின் கிளைகள். எந்த இரண்டு மனிதரை எடுத்தாலும் பாரம்பரிய எழுத்துக்களில் வேறுபடுவது ஆயிரத்துக்கு ஒன்று அளவே. இதைக் கேட்ட பிறகும், கல்யாணப் பேச்சென்றால் மேல்லயம் கீழ்லயம் பார்க்கிறோமே! செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே சாதி விசாரிக்கும் கத்தோலிக்கரை நான் அறிவேன், நீங்களும் அறிவீர்கள். எல்லாரும் ஒரு தகப்பன் மக்கள் என்று வேதம் சொன்னது போதவில்லை. விஞ்ஞானம் சொல்வதையாவது கேட்பார்களா?

மலை உச்சிகளில் எஞ்சியுள்ள காட்டுத் துண்டுகளில், மழைக்காலத்தில் கட்டைவிரல் அளவேயான மரத்தவளைகள் சத்தமிடும். இவற்றில் பல இனங்கள் குளத்தைத் தேடிப்போய் முட்டையிடுவதில்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இடுகின்றன. வாற்பேய்ப் பருவம் முட்டைக்குள்ளேயே முடிந்து, குட்டித் தவளையாகவே வெளியே வருகிறது. தேங்கிய தண்ணீர் அரிதான செங்குத்து மலைக்கு எவ்வளவு பொருத்தமான வழி! மிகச் சில இனங்களே என்று எண்ணியிருந்த இந்த மரத்தவளைகள் இலங்கையில் நூறு இனம் வரை இருக்கலாம் என்று 2002இல் ஆராய்ச்சியாளர் அறிவித்தபோது உலகமே வியந்தது. ஆனால் அருங்காட்சியகப் போத்தல்களில் பழைய மாதிரிகளாக மட்டும் இருந்து, காட்டில் எங்கு தேடியும் கிடைக்காமல் அழிந்துபோனவை பதினைந்துக்கு மேல். இலட்சக்கணக்கான ஆண்டுகளாய் உருவானவை, கோப்பிக்கும் தேயிலைக்கும் காடு வெட்டப்பட்ட நூறு வருடத்துக்குள் போய்விட்டன. வெட்டிய கை நம் முன்னோருடையது. வெட்டச் சொன்ன வாய் அவர்களுடையதல்ல. என்றாலும் இன்று ஓடைக்கரையில் மிஞ்சிய நாலு மரத்தையும் விறகுக்குச் சாய்ப்பவர்கள் நாமே.

இப்போது அந்தத் திகதிக்கு வருகிறேன். 2014 அக்டோபர் 27இல் கடவுள் மந்திரக்காரர் அல்லர் என்று பாப்பரசர் சொன்னார். 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது. பிரட்டுக்கும் பள்ளிக்கும் ஆட்கள் புறப்படும் நேரம். பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் திரும்பி வந்தபோது லயம் இல்லை, சிலருக்குத் தாய் தகப்பனும் இல்லை. மண்ணுக்குள் போன எல்லாருடைய உடலும் மீட்கப்படவில்லை.

அந்த நாட்களில் ஆறுதல் சொல்லப் போனவர்கள் சிலர், இது தேவ சித்தம் என்றார்கள். வேறு சிலர் தண்டனை என்றார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் இப்படிப் பேச நமக்கு யார் அதிகாரம் தந்தது? அந்தச் சரிவு ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் அதிகாரிகள் எச்சரித்திருந்தார்கள். மக்களைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றாமல் விட்டது மனிதரின் குற்றம். அதற்குக் கடவுளின் கையொப்பத்தை வாங்கப் பார்ப்பது தேவதூஷணம்.

ஆனாலும் கேள்வி அதோடு தீர்வதில்லை. மலை சரியும்படியாக ஏன் படைத்தார்? நேர்மையாகப் பார்த்தால், பாறையை மழை கரைத்து மண்ணாக்கும் அதே வேலைதான் தேயிலைக்கு மண்ணைத் தந்தது, அதே வேலைதான் அந்த மண்ணைச் சரித்தது. பாரம்பரிய எழுத்துக்களில் நேரும் மாற்றந்தான் புதிய உயிரினங்களுக்கு வழி திறந்தது. அதே மாற்றம் பிள்ளையின் இரத்தத்தில் புற்றுநோயாகவும் வருகிறது. தானே உருவாகி வளரும்படி விடப்பட்ட உலகத்தில் ஒன்றை விட்டு ஒன்றைப் பிரித்தெடுக்க நமக்குத் தெரியவில்லை. இதனால் கண்ணீர் நிற்கும் என்று நான் சொல்லவில்லை. அர்ச். சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய நிருபத்தில், படைப்பு முழுவதும் பிரசவ வேதனையில் முனகுகிறது என்ற பொருளில் எழுதுகிறார். கூர்ப்பைப் படித்த பிறகு அந்த எட்டாம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாகத் திறந்து வாசித்துப் பாருங்கள். பிரசவ வேதனை சாவு வேதனையைப் போலத்தான் இருக்கும்; வெளியே நிற்பவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

அந்த வேதனைக்கு வெளியே நின்று பார்க்கும் கடவுளை நாம் விசுவசிப்பதில்லை. வார்த்தையானவர் மாமிசமானார் என்று விசுவசிக்கிறோம். எந்த மாமிசம்? மரியன்னை கொடுத்த மாமிசம். அதாவது ஆதிக்கடலின் உயிர்களிலிருந்து கோடிக்கணக்கான ஆண்டு வழிவழியாய்க் கைமாறி வந்த இதே மாமிசம். அர்ச். லூக்கா எழுதிய தலைமுறை அட்டவணை ஆதாம் வரை போகிறது. விஞ்ஞானம் அந்த அட்டவணையை இன்னும் பின்னோக்கி நீட்டுகிறது, அவ்வளவுதான். தேவசுதன் நமக்கு மட்டுமல்ல, தவளைக்கும் தேயிலைக்கும் உறவுக்காரரானார். பொருந்தாதவன் என்று நகருக்கு வெளியே தள்ளப்பட்டுச் செத்தார். அந்தச் செத்தவரிடமிருந்துதான் புதிய படைப்புத் தொடங்கியது.

1972இல் பதுளை மறைமாவட்டம் தனியே பிரிக்கப்பட்டபோது, கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார ஆண்டகை, நிலைபெற்ற கண்டியை விட்டு இந்த ஏழை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்று வந்தார். புத்தளையில் ஏழை விவசாயிகளோடு குடிசையில் வாழ்ந்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகளார் 1987 நவம்பர் 10ஆம் திகதி திருப்பலி நேரத்தில் சுடப்பட்டு இறந்தார். ஸ்பென்சரின் கணக்கில் இவர்களை எந்தப் பக்கத்தில் எழுதுவது?

தெயார் த சார்தென் என்னும் பிரெஞ்சு சேசுசபைக் குருவை உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். உயிர்ச்சுவடுகளை ஆராய்ந்தவர். தமது இறையியல் நூல்களை வெளியிட அவர் சபை அவருக்கு அனுமதி தரவில்லை; கீழ்ப்படிந்தார். 1955ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று இறந்தார். 1962இல் உரோமை அவருடைய எழுத்துக்களைப் பற்றி எச்சரிக்கை விடுத்தது. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் படைப்பைப் பற்றிய தமது சுற்றுமடலின் அடிக்குறிப்பு ஒன்றில் அவரை மரியாதையோடு நினைவுகூர்ந்தார். அவர் சொன்னதெல்லாம் சரியென்று நான் வாதிட வரவில்லை. சில இடங்களில் பாவத்தின் கொடுமையை அவர் இலேசாகக் கடந்துபோகிறார் என்றே எனக்குப் படுகிறது. ஆனால் 1923இல் சீனாவின் ஓர்தோசுப் பாலைநிலத்தில், அப்பமும் இரசமும் இல்லாத ஒரு காலையில், அன்று உலகமெங்கும் நடக்கும் உழைப்பையே அப்பமாகவும், உலகம் படும் துன்பத்தையே இரசமாகவும் எடுத்து அவர் இறைவனுக்கு ஒப்புக்கொடுத்தார். அந்தச் செபத்தை விளங்கிக்கொள்ள நம் மக்களுக்கு விஞ்ஞானமும் தேவையில்லை, பிரெஞ்சும் தேவையில்லை.

நம் தோட்டக் கோவில்கள் சிலவற்றில் காணிக்கைப் பவனியில் ஒரு கூடைக் கொழுந்து பீடத்துக்கு வரும். பெரும்பாலும் வெள்ளைச் சட்டை போட்ட ஒரு சிறுமியின் கையில் அதைக் கொடுத்து அனுப்புகிறோம். பார்க்க அழகாயிருக்கும் என்பதற்காக. அடுத்த முறை இருபது முப்பது வருடம் மலையில் நின்ற ஒரு தாய் அதைக் கொண்டு வரட்டும். உங்கள் தோட்டத்தில் விதைத் தேயிலை மலை இன்னும் மிஞ்சியிருந்தால், அங்கே போய், செடிக்கு ஒரு கொழுந்தாகப் பறித்துக்கொண்டு வரட்டும்.